நான்காம் நாள் கத்தரிக்காய்

மாத்திரை தொடங்கிய பதினோராம் நாள் காலையில் இன்ஸாஃப் எழுந்திருக்கவில்லை.

சுஹைர் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அண்ணி தாமதமாக எழுவது மூன்று வருஷமாகப் பழகிப்போன விஷயம். எழுந்தாலும் ஜூன் மாத வெயிலில் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். தெருப்பெண்கள் "உன் அண்ணிக்கு மட்டும் தனியா ஒரு குளிர்காலம்" என்று சிரிப்பார்கள். அன்று வெயில் முற்றத்தில் பாதி தூரம் வந்துவிட்டது. ரொட்டிக்குப் பிசைந்து வைத்த மாவு பொங்கி விளிம்பைத் தொட்டது. அப்போதுதான் குழந்தை மெர்வத் வந்து பாவாடையைப் பிடித்து இழுத்து, அம்மா ஈரமாக இருக்கிறாள் என்றது.

இன்ஸாஃபின் நெற்றி வியர்த்து, தொட்டால் பானைத் தண்ணீர் போலச் சில்லிட்டிருந்தது. தலையணையில் வாந்தி. கண் பாதி திறந்திருந்தது. வயிற்றில் கையை வைத்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

சுஹைரின் மனம் முதலில் ஓடியது அண்ணியிடம் அல்ல. கம்பளி அடுக்கின் அடியில் அவளே ஒளித்து வைத்திருந்த மாத்திரை டப்பாவிடம் ஓடியது. இரண்டாம் முறையும் என் கைதானா என்று நினைத்தாள். ஒருத்தி சாகக் கிடக்கும்போது இப்படித் தன்னைப் பற்றி நினைக்க முடிகிறதே என்று அந்தக் கணமே வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டும் நினைப்பு போகவில்லை.

முதல் முறை நடந்தது மூன்று வருஷத்துக்கு முன்.

பிள்ளை பெற்றவள் அறைக்குள் நாற்பது நாளைக்குச் சில பொருள்கள் நுழையக் கூடாது என்பது அந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பச்சை இறைச்சி, கத்தரிக்காய், புதிதாய்ச் சவரம் செய்த முகம், அடக்கம் முடித்துத் திரும்பிய கால். நுழைந்தால் தாய்க்குப் பால் கட்டிப்போகும், அடுத்த கருவும் தங்காது. அதற்கு முஷாஹரா என்று பெயர். வரவேண்டிய கட்டாயம் இருந்தால் தாயை முதலில் வெளியே அழைத்து வந்து, பொருளை அவள் கண்ணில் காட்டிவிட்டு, பிறகு எல்லோரும் சேர்ந்து உள்ளே போக வேண்டும். மெர்வத் பிறந்த நான்காம் நாள் சுஹைர் சந்தையிலிருந்து கூடையோடு வந்தாள். அடுப்படியில் கூடையை இறக்கிவிட்டுத்தான் போயிருக்க வேண்டும். ஆனால் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. அழுகை கேட்டதும் கால் தானாக உள்ளே போய்விட்டது, கையில் கூடையோடு. கூடையில் கறுத்த கத்தரிக்காய்.

அன்றைக்கு மறுநாள் இன்ஸாஃப் தனக்குப் பால் நின்றுவிட்டதாகச் சொன்னாள்.

திட்டியது சுஹைரின் சொந்தத் தாய் ஹமீதாதான். பெற்ற மகளாயிற்றே என்று குரலைக் குறைக்கவில்லை. தெரு முனைவரை கேட்டது. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் பிள்ளையின் ஏழாம் நாள் விழாவுக்கு சுஹைரை அழைப்பதில்லை. பேசி முடித்த சம்பந்தம் ஒன்று, ஒரு வீட்டை வற்ற வைத்தவள் இன்னொரு வீட்டுக்கு எதற்கு என்று பையனின் அம்மா கேட்டதோடு முடிந்தது. பரிகாரமும் செய்து பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை தொழுகை நேரத்தில் இன்ஸாஃபைத் தரையில் படுக்கவைத்து, கத்தரிக்காயை ஏந்திக்கொண்டு சுஹைர் ஏழு முறை தாண்டினாள். ஒரு வெள்ளி அல்ல, நான்கு வெள்ளி. பால் வரவில்லை. மாதவிலக்கும் திரும்பி வரவில்லை. இன்ஸாஃப் வெளுத்தாள், மெதுவானாள், எதிலும் விருப்பமற்றுப் போனாள். குவைத்தில் சுவருக்கு வண்ணம் பூசும் வேலையில் இருந்த அண்ணன் ஷஹாத்தா விடுமுறைக்கு வந்து, மனைவியைப் பார்த்துவிட்டு, தங்கையின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனான்.

ஆகவேதான் சுஹைர் துணி எடுக்கப் போவதாகச் சொல்லி அண்ணியை மல்லவி நகரத்துக்கு, ஒரு மருத்துவரிடம் ரகசியமாக அழைத்துப் போனாள். இரத்தம் எடுத்தார்கள். தைராய்டு குறைவு, தினம் ஒரு மாத்திரை, இரண்டு வாரத்தில் மான் மாதிரி ஓடுவாள் என்றார் அவர். வீடு திரும்பும்போது சுஹைருக்குப் பறப்பது போல இருந்தது. நோய்க்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது, அந்தப் பெயர் தன்னுடையது அல்ல என்பதே போதுமாக இருந்தது. தினமும் காலையில் மாத்திரையை அவளே நாக்கில் வைத்தாள். ஐந்தாம் நாள் அண்ணி சோற்றைத் தள்ளினாள். எட்டாம் நாள் வாந்தி. மருந்து வேலை செய்யும்போது அப்படித்தான் இருக்கும் என்று சுஹைர் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டாள்.

இப்போது டப்பாவை எடுத்து வந்து தாயின் முன் வைத்தாள். மறைத்தால் நேரம்தான் போகும்.

ஹமீதா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது. "நீயா குடுத்த?" என்றாள்.

"நான்தான்."

"முதல்ல பாலைக் கெடுத்த. இப்ப ஆளையே முடிச்சிடு. உன் மனசு ஆறட்டும்."

பதில் பேசினால் சுஹைர் அழுதுவிடுவாள், அழுதால் நேரம் போகும். ஹமீதா மந்திரிப்பதற்கு ஷேக்கின் மனைவியை மணிமாலையோடு அழைத்துவரச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சுஹைர் தெருவுக்கு ஓடி ஒரு ஆட்டோவை நிறுத்தினாள். குழந்தையை எதிர்வீட்டில் விட்டாள். ஆட்டோக்காரரும் சுஹைரும் தூக்கியபோது இன்ஸாஃப் எடையில்லாமல் இருந்தாள். ஹமீதா கடைசியில் தலைத்துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஏறிக்கொண்டாள், சபித்தபடியே.

ஆட்டோவிலிருந்து இறங்கி, மின்யா நகரத்துக்குப் போகும் வேனில் ஒரு முழு இருக்கைக்குப் பணம் கொடுத்து இன்ஸாஃபைக் கிடத்தினார்கள். கரும்பு வண்டி ஒன்று முன்னால் ஆடி ஆடிப் போயிற்று. ஓட்டுநர் ஒலி எழுப்பியும் வழி கிடைக்கவில்லை. சுஹைர் அண்ணியின் மூக்கின் கீழ் விரலை வைத்தாள். காற்று வந்தது. எடுத்தாள், மறுபடி வைத்தாள். இவள் இறந்துவிட்டால் தன்னை எப்படி அழைப்பார்கள் என்று ஒரு பக்கம் கணக்குப் போட்டது மனம். இன்னொரு பக்கம் மூச்சை மட்டும் எண்ணியது. இரண்டும் ஒரே தலைக்குள் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன, ஒன்றை ஒன்று பார்க்காமல்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் பணியில் இருந்தவள் இரீனி என்ற இளம் மருத்துவர். கழுத்தில் சின்னச் சிலுவை, கண்ணின் கீழ் தூக்கமில்லாத கறுப்பு. இரத்த அழுத்தம் எழுபது என்றாள் செவிலி. விரலில் குத்தி எடுத்த சர்க்கரை நாற்பத்திரண்டு. குளுகோஸ் ஏற்றினார்கள். அழுத்தம் ஏறவில்லை. வயிற்றைத் தொட்டால் இன்ஸாஃப் முனகினாள்.

மூத்த அறுவை மருத்துவர் வந்தார். நரைத்த மீசைக்காரர். வயிற்றை நான்கு இடத்தில் அழுத்திப் பார்த்துவிட்டு, குடலில் ஏதோ கிழிந்திருக்கிறது, திறந்துதான் பார்க்க வேண்டும், மேசையைத் தயார் செய்யுங்கள் என்றார்.

இரீனி அசையவில்லை. இன்ஸாஃபின் புருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருவத்தின் வெளிப்பாதி இல்லை. கையைத் தூக்கி அக்குளைப் பார்த்தாள். அங்கே முடி இல்லை, மழித்த தடமும் இல்லை. "சார், ஒரு நிமிஷம்" என்று அவரை ஓரமாக அழைத்தாள். திரைக்கு இந்தப் பக்கம் நின்ற சுஹைருக்கு அவர்கள் பேசியது துண்டு துண்டாகக் கேட்டது. மூளைக்கு அடியில் இருக்கும் சுரப்பியாக இருக்கலாம் என்றாள் இரீனி. அப்படியானால் இந்த நிலையில் கத்தி வைத்தால் இவள் தாங்க மாட்டாள். முதலில் ஸ்டீராய்டு ஊசி போட வேண்டும். ஸ்டீராய்டைப் போட்டுவிட்டுக் குடலில் ஓட்டை இருந்தால் வலி அடங்கி எல்லாம் மறைந்துபோகும், அப்புறம் வயிறு முழுக்கச் சீழ் பரவிய பிறகு நீ பதில் சொல்லுவாயா என்றார் அவர். காரணம் காட்டு, ஊசி போட விடுகிறேன்.

இரீனி திரும்பி வந்தாள். "ஹஜ்ஜம்மா, கடைசிப் பிரசவம் எப்போ? இரத்தம் நிறையப் போச்சா?"

எல்லாப் பெண்களுக்கும் போவதுதான் என்றாள் ஹமீதா.

"பிள்ளைக்குப் பால் வந்துச்சா?"

"வந்துச்சே டாக்டரம்மா. கால்வாய்த் தண்ணி மாதிரி வந்துச்சு. நாலாம் நாள் இவ வந்து கட்டிட்டா." ஹமீதாவின் விரல் மகளைக் காட்டியது.

"மூணு நாள் வந்துச்சா? நல்லா?"

"தினம் காலைல நானே கேட்டேன். வருதுன்னுதான் சொன்னா."

இரீனி கையிலிருந்த தாளில் ஏதோ ஒரு வரியை அடித்தாள். பேனா காகிதத்தில் ஒரு முறை போய் நின்றது. அந்த ஒரு கோட்டில் ஏதோ ஒரு கதவு மூடியதை சுஹைர் உணர்ந்தாள். என்ன கதவு என்று தெரியவில்லை. பால் வந்திருந்தால் நான் நினைத்த நோய் இல்லை என்று இரீனி முணுமுணுத்தது அவள் காதில் விழுந்தது. செவிலி அறுவைக்கான பச்சைத் துணியை எடுத்து வந்தாள். காகிதத்தில் கைரேகை வைக்க ஹமீதாவை அழைத்துப் போனார்கள்.

கட்டிலருகே சுஹைர் மட்டும் இருந்தாள்.

அவள் அந்த நான்காம் நாளுக்குத் திரும்பிப் போனாள். மூன்று வருஷமாக அந்த நாளைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது கூடை மட்டும்தான். எல்லோரும் கூடையைக் காட்டியதால் அவளும் கூடையை மட்டுமே பார்த்திருந்தாள். இப்போது கூடையை விட்டுவிட்டு அறையைப் பார்த்தாள். குழந்தை அழுத அழுகை, பசித்த அழுகை. பாயருகே ஒரு கரண்டியும் சோம்புத் தண்ணீர்க் கிண்ணமும், அதில் நனைந்த பஞ்சும். வெந்தயக் கஷாயம் ஆறிப்போய்க் கிடந்தது. இன்ஸாஃபின் அங்கியின் முன்பக்கம் காய்ந்து மடிப்புக் கலையாமல் இருந்தது. பால் வரும் பெண்ணின் அங்கி அப்படி இருக்காது. இதெல்லாம் சுஹைர் அப்போதே கண்டவைதான். குற்றம் சாட்டப்பட்டவளுக்குத் தன் கண்ணை நம்பும் தைரியம் இல்லாமல் போயிருந்தது.

அவள் குனிந்து அண்ணியின் காதருகே வாயை வைத்தாள்.

"அண்ணி. நான் கூடையோட வந்தேனே, அதுக்கு முன்னால பால் வந்துச்சா?"

இன்ஸாஃபின் கண் திறந்தது. சுஹைரைப் பார்த்தது. பிறகு மூடிக்கொண்டது. மயக்கத்தில் மூடும் கண் வேறு. இது தெரிந்து மூடிய கண்.

"உன் வயித்தைக் கிழிக்கப் போறாங்க. சொல்லு. எனக்காகக் கேக்கல."

சொல்லும்போதே அது உண்மையா என்று சுஹைருக்குத் தெரியவில்லை. அண்ணி பிழைக்க வேண்டும் என்று கேட்டாளா, தன் பெயர் பிழைக்க வேண்டும் என்று கேட்டாளா? பிரித்துப் பார்க்க நேரம் இல்லை. கன்னத்தைத் தட்டினாள். கொஞ்சம் பலமாகவே தட்டினாள்.

"ஒரு சொட்டுகூட இல்ல" என்றாள் இன்ஸாஃப். "முதல் நாள்லேர்ந்தே இல்ல. அத்தை தினம் வந்து கேட்டாங்க. வருதுன்னுட்டேன்."

சுஹைர் ஓடினாள். பச்சைத் துணியைத் தாண்டி, காகிதத்தின் முன் நின்ற தாயைத் தாண்டி, கைகழுவிக்கொண்டிருந்த இரீனியின் முழங்கையைப் பிடித்தாள். பால் வரவே இல்லை என்றாள். இரத்தம் போனதற்கும் கணக்கில்லை, மெத்தையைத் துவைக்க முடியாமல் மொட்டை மாடியில் போட்டு எரித்தோம் என்றாள். தைராய்டு மாத்திரை பத்து நாளாகக் கொடுத்தேன், நான்தான் கொடுத்தேன் என்றாள்.

மாத்திரை என்றதும் இரீனியின் முகம் மாறியது. "இதை முதல்லயே ஏன் சொல்லல?" என்று கேட்டாள். பதிலுக்கு நிற்கவில்லை.

ஊசி போட்டார்கள். அறுவை மருத்துவர் கையுறையைக் கழற்றி எறிந்தார். "ஒரு மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் தர மாட்டேன்" என்றார்.

அந்த ஒரு மணி நேரம் சுஹைர் கருவியின் திரையில் எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எழுபத்திரண்டு. எழுபது. எழுபத்தைந்து. அடுத்த கட்டிலில் கை முறிந்த கிழவர் ஒருவர் அவளைப் பார்த்து, உட்காரம்மா, நீ நின்னா அது சீக்கிரம் ஏறுமா என்றார். அவள் உட்காரவில்லை.

இரீனியும் அங்கேயே நின்றாள். காத்திருப்பது அவளுக்கும் சுலபமாக இல்லை போலும், பேச ஆரம்பித்தாள். நெற்றிக்குப் பின்னால், மூளையின் அடியில், கொண்டைக்கடலை அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி தொங்குகிறது என்றாள். அதற்கு மேலே ஹைப்போதாலமஸ் என்ற மூளைப் பகுதி உட்கார்ந்துகொண்டு உடம்பின் சூடு, பசி, தாகம் எல்லாவற்றையும் கவனித்துக் கடலைக்குச் சொல்லி அனுப்பும். கடலை கீழே உள்ளவர்களுக்கு உத்தரவு போடும்: தைராய்டுக்கு ஒன்று, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பிக்கு ஒன்று, சூலகத்துக்கு ஒன்று, மார்புக்கு ஒன்று. கர்ப்பத்தில் அந்தக் கடலை வீங்கிப் பெரிதாகும், அதிக இரத்தம் கேட்கும். பிரசவத்தில் இரத்தம் கொட்டிப்போனால் முதலில் பட்டினி கிடந்து சாவது அதுதான்.

"மேல ஒருத்தன் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கான். கீழ கேக்கற ஆள் செத்துப்போயாச்சு" என்றாள் இரீனி. "அதனால பால் இல்ல. விலக்கு இல்ல. குளிரு. எல்லாமே ஒரே காரணம்."

அப்படியானால் மாத்திரை ஏன் கெடுத்தது என்று சுஹைர் கேட்டாள். கேட்கப் பயமாக இருந்தது.

தைராய்டு சோம்பிக் கிடந்தால் மேலிருந்து அதட்டல் கூடுதலாக வர வேண்டும் என்றாள் இரீனி. இவளுக்கு அதட்டலே இல்லை. அதை மல்லவி மருத்துவர் அளந்து பார்க்கவில்லை. உடம்பைத் தாங்கி நிறுத்தும் கார்டிசால் என்ற இன்னொரு சுரப்பும் இவளிடம் அடிமட்டத்தில் இருந்தது. அதை நிரப்பாமல் தைராய்டை மட்டும் கொடுத்தால் உடம்பு வேகம் பிடித்து, மிச்சம் இருந்த கார்டிசாலையும் எரித்துத் தீர்த்துவிடும். "தீவனம் போடாம கழுதைய அடிச்சா ரெண்டு நாள் ஓடும். மூணாம் நாள் விழும். நீ சாட்டையக் குடுத்தவ இல்ல. குடுத்ததை வாங்கி அடிச்சவ."

அது ஆறுதலா குற்றச்சாட்டா என்று சுஹைருக்குப் புரியவில்லை. பத்து காலை, பத்து முறை அந்த நாக்கு நீண்டதை நினைத்துக்கொண்டாள்.

எண்பத்திரண்டு என்று காட்டியது திரை. பிறகு எண்பத்தெட்டு. மணி முடிய ஏழு நிமிஷம் இருக்கும்போது அறுவை மருத்துவர் வந்து வயிற்றில் கை வைத்தார். இன்ஸாஃப் முனகவில்லை. அவர் இன்னொரு முறை ஆழமாக அழுத்தினார். வயிறு மெத்தென்று இறங்கிக்கொடுத்தது. மேசை வேண்டாம் என்று செவிலிக்குக் கையசைத்துவிட்டுப் போனார்.

பிற்பகல் இன்ஸாஃப் எழுந்து உட்கார்ந்தாள். உப்பாக ஏதாவது வேண்டும் என்றாள். கிழவரின் மகள் கொடுத்த எலுமிச்சை ஊறுகாயை ரொட்டியில்லாமல் தின்றாள். கன்னத்தில் நிறம் இருந்தது. சுஹைர் அவளுடைய அந்த நிறத்தை மறந்தே போயிருந்தாள். சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் முதலில் வந்தது கோபம். நான்கு வெள்ளிக்கிழமை நான் தாண்டியபோது கீழே படுத்திருந்த உனக்குத் தெரிந்துதானே இருந்தது என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. இன்ஸாஃபும் ஊறுகாய்க் கிண்ணத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

மாலை இரீனி ஒரு ஊசியையும் மருந்துக் குப்பியையும் கொண்டுவந்தாள். ஸ்டீராய்டு மாத்திரை ஆயுசுக்கும் உண்டு, ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. காய்ச்சல் வந்தால் இரட்டிப்பு. வாந்தி எடுத்து மாத்திரை தங்காவிட்டால் இந்த ஊசியைத் தொடையில் போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். வீட்டில் ஒருத்தர் கற்றுக்கொள்ள வேண்டும், யார் என்று கேட்டாள்.

அந்த வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் சுஹைர் ஒருத்திதான். அவள் கையை நீட்டினாள்.

"அவ வேண்டாம்" என்றாள் ஹமீதா. குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "டாக்டரம்மா, அவ கை வேண்டாம். நான் கத்துக்கறேன். ரெண்டு தடவை பாத்தாச்சு அந்தக் கையை."

குப்பியில் உள்ள கோடுகளைப் படிக்க முடியுமா ஹஜ்ஜம்மா என்று இரீனி கேட்டாள். ஹமீதா குப்பியை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று சுஹைருக்குத் தெரியவில்லை. இழுத்துக்கொண்டால் ஒப்புக்கொண்டதாகும். அவள் இன்ஸாஃபைப் பார்த்தாள். காலையில் காதோடு சொன்னது அவர்கள் இருவரையும் இரீனியையும் தவிர யாருக்கும் தெரியாது. இன்ஸாஃப் இப்போதும் கண்ணை மூடிக்கொள்ளலாம். மூடிக்கொண்டால், அடுத்த காய்ச்சலில் அவள் தொடையில் ஊசி போட ஆள் இருக்காது. அது இருவருக்கும் தெரிந்தது.

செவிலி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

"அத்தை, அவ வர்றதுக்கு முன்னாலயே பால் இல்ல" என்றாள் இன்ஸாஃப்.

"மயக்கத்துல பேசறா" என்றாள் ஹமீதா இரீனியிடம்.

"மயக்கம் காலைல. இப்ப இல்ல." இன்ஸாஃப் போர்வையின் ஓரத்தை விரலில் சுற்றினாள். "எனக்கு முன்னால வந்த மூத்த மருமகளைப் பால் இல்லைன்னு சொல்லித்தானே பிறந்த வீட்டுக்கு அனுப்பினீங்க. என்னையும் அனுப்பிடுவீங்கன்னு பயந்தேன். அவ கத்தரிக்காயோட வந்து நின்னப்போ, அல்லாஹ் எனக்காக அனுப்பினான்னு நினைச்சேன்."

ஹமீதா மகளைப் பார்க்கவில்லை. மருமகளையும் பார்க்கவில்லை. எழுந்து, தலைத்துணியைச் சரிசெய்து, தாழ்வாரத்துக்குப் போனாள். செருப்பு ஒன்று கழன்றதைக்கூடக் கவனிக்கவில்லை.

கிழவரின் மகளிடம் இரீனி ஒரு ஆரஞ்சை வாங்கி, சுஹைரின் கையில் வைத்தாள். நேராகப் பிடி, தயங்கினால்தான் வலிக்கும் என்றாள். சுஹைர் ஊசியைப் பிடித்தாள். அது தோலைத் தாண்டிச் சுலபமாக இறங்கியது, அதுவே அவளைத் துணுக்குற வைத்தது. அண்ணியின் தொடையில் ஒரு நாள் ஊசி போட வேண்டிவரும், அப்போது எவ்வளவு மெதுவாகப் போடுவேன், எவ்வளவு பலமாக? தனக்கே தெரியவில்லை.

தாழ்வாரத்தில் ஹமீதா குவைத்துக்குப் பேசிக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் கத்தித்தான் பேசுவாள், வார்டு முழுக்கக் கேட்கும். இன்று குரல் தாழ்ந்திருந்தது. சுஹைர் ஆரஞ்சைப் பிடித்தபடி காதைக் கொடுத்தாள். பிழைத்துவிட்டாள் என்றாள் ஹமீதா. தலையில் ஏதோ சுரப்பியாம் என்றாள். இரத்தம் போனதால் வந்ததாம். பால் விஷயம் வருமா என்று சுஹைர் காத்திருந்தாள். வரவில்லை. அண்ணன் ஏதோ கேட்கிறான் போலிருந்தது.

"இல்லடா" என்றாள் ஹமீதா. "அதனால இல்ல." செருப்பில்லாத காலைத் தரையில் தேய்த்தாள். "ஊசி போட ஒருத்தர் கத்துக்கணுமாம். ஆமா. சுஹைர்தான்."

கட்டிலில் இன்ஸாஃப் தொடையின் மேலிருந்த போர்வையை விலக்கினாள். எந்த இடம் என்று காட்டிவிடுங்கள் டாக்டரம்மா, அவள் பார்த்துக்கொள்ளட்டும் என்றாள். இரீனி பேனாவால் ஒரு வட்டம் வரைந்தாள். சுஹைர் ஆரஞ்சைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, விரலால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள்.